ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோர் யாவர்?

அரசு எவ்வாறு தோன்றிற்று என்னும் வினாவுக்கு நம் அரசியல் விஞ்ஞானப் பாடநூல்கள் ஆயத்தமான விடையொன்றை வைத்திருக்கின்றன. ஆதியில் மனிதர் இயற்கை நிலையில் வாழ்ந்தனர்; அந்நிலையின் இன்னல்களைப் பொறாது தம்முட் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தனர்; அவ்வொப்பந்தத்தின் வழி அரசு பிறந்தது. ஹொப்ஸ் சொன்னது இது, லொக் சொன்னது இது, ரூசோ சொன்னது இது என மூன்று பத்திகள். மூவரின் ஒற்றுமை வேற்றுமைகளைக் காட்டும் ஓர் அட்டவணை. அத்துடன் பாடம் முடிந்துவிடும். மாணாக்கர் மனனஞ் செய்து எழுதுவர். ஆசிரியர் திருத்திப் புள்ளியிடுவர். அவ்வொப்பந்தம் எங்கே, எப்போது எழுதப்பட்டது, அதிற் கையொப்பமிட்டோர் யாவர், கையொப்பமிட அழைக்கப்படாதோர் யாவர் என்று எவரும் கேட்பதில்லை.

நாம் அதைக் கேட்க விரும்புகிறோம். ஏனெனில் இக்கோட்பாடு வளர்ந்த நாட்டில், அது வளர்ந்த காலத்திலேயே, மெய்யாகவே ஓர் ஒப்பந்தத்தைத் தாளில் எழுதி, அதற்கு மக்களின் கையொப்பத்தைக் கேட்ட மனிதர் இருந்தனர். அவர்கள் தத்துவாசிரியரல்லர், சம்பளம் நிலுவையாய் நின்ற போர்வீரர். அவர்களுடைய ஒப்பந்தம் என்னவாயிற்று என்பதை அறிந்தபின் தத்துவாசிரியரின் ஒப்பந்தத்தை வேறு கண்கொண்டு பார்க்க நேர்கிறது.

இங்கிலாந்தில் 1642ஆம் ஆண்டு முதலாம் சாள்ஸ் மன்னனுக்கும் பாராளுமன்றத்துக்குமிடையே போர் மூண்டது. வரி விதிக்கும் உரிமை யாருடையது, திருச்சபையை ஆளும் அதிகாரம் யாருடையது என்பன வெளிப்படையான காரணங்கள். உள்ளே நோக்கினால், நிலத்தைச் சந்தைக்காகப் பயன்படுத்திப் பணம் ஈட்டத் தொடங்கியிருந்த நிலவுடைமையாளரும் நகர வணிகரும், மன்னனின் தன்னிச்சையான வரிகளையும் அவன் தன் அன்பருக்கு வழங்கிய ஏகபோக உரிமைகளையும் இனிப் பொறுப்பதில்லை என்ற நிலைக்கு வந்திருந்தனர். எல்லாப் பிரபுக்களும் ஒரு பக்கம், எல்லா வணிகரும் மறுபக்கம் என்று நேர்கோடு கிழிப்பதற்கு வரலாறு இடந்தருவதில்லை. ஒரே குடும்பத்தவர் எதிரெதிரே நின்றதும் உண்டு. ஆயினும் போரின் திசை ஐயத்துக்கிடமற்றது. 1645இல் பாராளுமன்றம் ‘புதிய மாதிரிப் படை’யை அமைத்தது. மறு ஆண்டில் மன்னன் தோற்றுச் சரணடைந்தான்.

வென்ற படையை இனி என் செய்வது? பாராளுமன்றத்திலிருந்த பெருநிலக்காரருக்கு அது ஒரு பாரமாயிற்று. பல மாதச் சம்பளத்தைக் கொடாமலே படையைக் கலைக்கவும், ஒரு பகுதியை அயர்லாந்துக்கு அனுப்பவும் அவர்கள் 1647இல் முற்பட்டனர். போர்வீரர் மறுத்தனர். ஒவ்வொரு படைப்பிரிவும் தன் பிரதிநிதிகளைத் தானே தெரிந்தெடுத்தது. சம்பளக் கோரிக்கையோடு தொடங்கிய கிளர்ச்சி சில மாதங்களுக்குள் அரசியற் கோரிக்கையாக வளர்ந்தது. தொழிற்சங்க வரலாற்றைப் பயின்றோர்க்கு இவ்வளர்ச்சி புதிதன்று. இலண்டன் நகரத்துக் கைவினைஞரிடையிலும் சிறு வணிகரிடையிலும் வேரூன்றியிருந்த ‘லெவலர்’ இயக்கத்துடன் அவர்கள் கைகோத்தனர். லெவலர் என்றால் சமன்செய்வோர். எதிரிகள் வசையாக இட்ட பெயர் அது. இக்கூட்டுறவில் பிறந்ததே ‘மக்கள் உடன்படிக்கை’ என்னும் சிறு ஆவணம்.

அதன் வாசகம் நீண்டதன்று. இருந்த பாராளுமன்றம் 1648 செப்டெம்பர் முடிவில் கலைய வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதிய பாராளுமன்றம் தெரிவாக வேண்டும். குடித்தொகைக்கேற்பத் தொகுதிகள் அமைய வேண்டும். சட்டத்தின் முன் யாவரும் சமம். மனச்சாட்சியைக் கட்டாயப்படுத்தவும், மனிதரை வலிந்து போருக்கு இழுக்கவும் எந்தப் பாராளுமன்றத்துக்கும் அதிகாரமில்லை. மன்னனைப் பற்றியும் பிரபுக்கள் சபையைப் பற்றியும் ஆவணம் வாய் திறக்கவில்லை. அந்த மௌனமே போதுமானதாயிருந்தது.

1647 ஒக்டோபர் 28ஆம் நாள், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள பட்னி என்னும் ஊரின் புனித மரியாள் கோவிலில் படைச்சபை கூடிற்று. தளபதி பெயார்பக்ஸ் நோயுற்றிருந்தமையால் குரொம்வெல் தலைமை வகித்தார். அதிகாரிகள் சார்பில் முன்னின்று வாதாடியவர் அவருடைய மருமகன் ஹென்றி அயர்ட்டன். சட்டம் பயின்றவர், நிலவுடைமைக் குடும்பத்தவர், கூரிய மதியினர். எதிர்ப்பக்கத்தில் சாதாரண வீரரின் பிரதிநிதியான எட்வர்ட் செக்ஸ்பி, லெவலர் இயக்கத்தினரான யோன் வைல்ட்மன், மக்சிமிலியன் பெற்றி ஆகியோர். அதிகாரியாயிருந்தும் அவர்களோடு நின்றவர் கேணல் தோமஸ் ரெயின்பரோ. மறுநாள் நடந்த விவாதம் வாக்குரிமையைப் பற்றியது. உலக அரசியல் வரலாற்றில் இதற்கிணையான ஒரு நாளைக் காண்பது அரிது என்றே நாம் கருதுகிறோம்.

ஏழையாயினும் செல்வனாயினும் மனிதனுக்கு வாழவேண்டிய உயிர் ஒன்றே. ஆகையால் தன் சம்மதத்தைக் கொடுக்க வாய்ப்பளிக்காத அரசுக்கு ஏழை கட்டுப்பட்டவனல்லன் என்பது ரெயின்பரோவின் வாதம். சமுதாய ஒப்பந்தக் கோட்பாடு முழுவதும் இவ்வொரு வாக்கியத்துள் அடங்கிவிடுகிறது. அயர்ட்டனின் மறுமொழி நேரானது. நாட்டில் நிலையான பற்று உடையவனுக்கே அந்நாட்டின் அலுவல்களில் பங்கு உண்டு. நிலையான பற்று என்பது நிலம், அல்லது வணிகக் கழகங்களில் உரிமை. பதினைந்தாம் நூற்றாண்டு முதலே, ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானந் தரும் சொந்த நிலமுடையோரே மாவட்டங்களில் வாக்களித்து வந்தனர். அதுவே தொடரவேண்டும் என்றார் அவர். ஏனையோர்? அவர்களை அவர் வேற்று நாட்டிலிருந்து வந்து குடியிருப்பவனுக்கு ஒப்பிட்டார். அத்தகையவன் இந்நாட்டுச் சட்டத்துக்கு அடங்கியிருக்கலாம். பிடிக்காவிட்டால் வேறு நாட்டுக்குப் போகலாம். பிறந்த மண்ணிலேயே ஒருவனை அந்நியனாக்கும் இவ்வுவமையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.

அயர்ட்டனிடம் இதைவிட ஆழமான வாதம் ஒன்றிருந்தது. மனிதனாய்ப் பிறந்ததனாலேயே வாக்குரிமை உண்டு என்றால், அதே இயற்கை உரிமையைக் காட்டி, பிறர் நிலத்தில் விளைந்த உணவிலும் உனக்குப் பங்குண்டு என்பாய். அப்பொழுது சொத்துரிமை எங்கே நிற்கும்? ரெயின்பரோ தடுமாறினார். களவு செய்யாதிருப்பாயாக என்பது கடவுள் கட்டளை. அது சொத்தைக் காக்கும் என்றார். தர்க்கத்தில் அயர்ட்டனே வென்றார் எனலாம். தம் எதிரிகள் காண விரும்பாததை, அஃதாவது அரசியற் சமத்துவமும் சொத்தின் ஏற்றத்தாழ்வும் நெடுநாள் ஒருங்கே வாழமாட்டா என்பதை, அவர் தெளிவாகக் கண்டார். ஆனால் செக்ஸ்பி எழுப்பிய வினாவுக்கு அவரிடம் விடையில்லை. எம்மிற் பலருக்குச் சொத்து இல்லை. ஆயினும் உயிரைப் பணயம் வைத்தோம். எமக்கு உரிமை இல்லையென்றால் நாம் வெறுங் கூலிப்படையாகவா போரிட்டோம்? அவ்வினாவின் கொதிப்பை இன்றும் எழுத்தில் உணரலாம்.

இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் மறைத்தலாகாது. வாக்குரிமையில் விலக்கப்படுவோர் யாவர் என்று குரொம்வெல் வினாவியபோது, லெவலர் பக்கத்துப் பெற்றியே விடை சொன்னார்: தொழில் பழகுவோர், வேலையாட்கள், பிச்சையேற்போர். அவர்கள் பிறர் விருப்பத்தில் தங்கியிருப்பவர். எசமானை எதிர்த்து நிற்க அஞ்சுவர். எசமானுக்குள்ளேயே அடங்கிவிட்டவர் என்பது காரணம். பெண்களைப் பற்றிய பேச்சே எழவில்லை. 1649இல் சிறைப்பட்டிருந்த லெவலர் தலைவர்களை விடுவிக்குமாறு இலண்டன் பெண்கள் விண்ணப்பத்தோடு பாராளுமன்றத்துக்குச் சென்றபோது, வீட்டு வேலையைப் போய்ப் பாருங்கள் என்று திருப்பியனுப்பப்பட்டனர்.

நவம்பர் 11ஆம் நாள் மன்னன் காவலிலிருந்து தப்பியோடினான். விவாதத்தை நிறுத்துவதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. நான்கு நாட்களின் பின், வெயார் என்னும் ஊருக்கு அருகிலுள்ள வெளியொன்றில் படை அணிவகுத்தது. சில பிரிவினர் ‘மக்கள் உடன்படிக்கை’யின் அச்சுப் பிரதிகளைத் தொப்பிகளிற் செருகிக்கொண்டு வந்து நின்றனர். அவற்றைக் களைந்தெறியுமாறு ஆணை பிறந்தது. தலைவர்களென்று பிடிக்கப்பட்டோருள் மூவரைச் சீட்டுப்போட வைத்து, சீட்டு விழுந்த ரிச்சட் ஆர்னல்ட் என்ற வீரனைத் தோழரின் கண்முன்னே சுட்டுக் கொன்றனர். ரெயின்பரோ மறு ஆண்டு அரச பக்கத்தாரின் கையில் மாண்டார். 1649 ஜனவரி 30இல் மன்னனின் தலை வீழ்ந்தது. அதே ஆண்டு மே மாதம் பேர்போட் என்னுமூரின் கோவில் வளவில், கிளர்ச்சி செய்த லெவலர் வீரர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். செக்ஸ்பி 1658இல் குரொம்வெலின் கைதியாக இலண்டன் கோட்டையில் இறந்தார்.

பட்னியில் பேசப்பட்டதை நாம் அறிவது வில்லியம் கிளார்க் என்ற செயலாளரின் சுருக்கெழுத்தினால். அவருடைய தாள்கள் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் வூஸ்டர் கல்லூரியிற் கிடந்து, 1891இல்தான் அச்சேறின. ஹொப்ஸையும் லொக்கையும் இருநூறு ஆண்டுகளாக உலகம் விவாதித்துக்கொண்டிருந்தது. எழுதப்பட்ட ஒப்பந்தத்தைப் பற்றி வீரர் பேசிய பேச்சு அதுவரை பெட்டியிற் கிடந்தது.

லெவலர் தயங்கி நின்ற எல்லையை ஒரு சிறு கூட்டம் தாண்டிற்று. 1649 ஏப்பிரிலில் ஜெராட் வின்ஸ்ரன்லியும் தோழரும் சரே மாவட்டத்தில் புனித ஜோர்ஜ் குன்றின் பொது நிலத்தைக் கொத்திப் பயிரிடத் தொடங்கினர். நிலம் யாவருக்கும் பொது என்றனர். ‘டிக்கர்’, அதாவது மண்கொத்துவோர், என்று பெயர் பெற்ற அவர்களுடைய குடிசைகள் ஓராண்டுக்குள் அழிக்கப்பட்டன, பயிர் மிதிக்கப்பட்டது. அயர்ட்டன் அஞ்சிய முடிவை அவர்கள் அஞ்சாது ஏற்றுக்கொண்டதே குற்றம்.

இந்தக் குருதியும் புகையும் அடங்காத வேளையில், 1651இல், தோமஸ் ஹொப்ஸின் ‘லெவியதன்’ வெளிவந்தது. போருக்கு முன்னரே, 1640இல், பாரிசுக்கு ஓடிப்போனவர் அவர். தானும் அச்சமும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தோம் என்று தம்மைப் பற்றி அவரே கூறியதுண்டு. ஸ்பானியக் கப்பற்படை வருகிறது என்ற பீதியில் தாய் அவரை ஈன்ற ஆண்டு 1588. நூலின் முகப்புச் சித்திரத்தைப் பார்த்தோர் மறக்கமாட்டார்: ஒரு கையில் வாளும் மறு கையில் குருக்களின் கோலும் ஏந்திய பேருருவ அரசன், அவன் உடல் முழுவதும் சின்னஞ்சிறு மனிதர். யாவரும் அவன் முகத்தையே நோக்கி நிற்கின்றனர். ஒருவர் முகமும் நமக்குத் தெரிவதில்லை.

ஹொப்ஸிடம் ஒரு நேர்மை உண்டு. அச்சத்தினால் கொடுத்த சம்மதமும் சம்மதமே என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். உயிருக்கு அஞ்சி வென்றவனுக்கு அடங்குபவனும் ஒப்பந்தம் செய்தவனே. அப்படியானால் வாளால் நிறுவப்பட்ட அரசுக்கும் உடன்படிக்கையால் நிறுவப்பட்ட அரசுக்கும் வேறுபாடு எங்கே? வேறுபாடில்லை என்பதே அவர் விடை. அரச பக்கத்தாருக்கு இது பிடிக்கவில்லை. யார் வென்றாலும் பணியலாம் என்ற கோட்பாடு தோற்ற மன்னனுக்கு என்ன பயன்? ஹொப்ஸும் குடியரசு ஆண்ட இங்கிலாந்துக்குத் திரும்பி அமைதியாக வாழ்ந்தார். அவர் இறந்து நான்கு ஆண்டுகளின் பின், 1683இல், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் அவர் நூல்களைத் தீயிலிட்டது.

யோன் லொக் இத்தகைய சங்கடங்களுக்கு ஆளாகவில்லை. 1688இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னன் ஓட, ஒல்லாந்திலிருந்து வில்லியம் வந்தான். மறு ஆண்டு ஜனவரி 28இல் பொதுமக்கள் சபை, மன்னனுக்கும் மக்களுக்குமிடையேயிருந்த ஆதி ஒப்பந்தத்தை ஜேம்ஸ் முறித்துவிட்டான் என்று தீர்மானித்தது. பட்னி வீரர் கொணர்ந்த ஒப்பந்தத்தை ஏற்காத நிலவுடைமையாளர், எவரும் கண்டிராத ஆதி ஒப்பந்தம் ஒன்றைத் தமக்கு வேண்டிய நாளில் கண்டுபிடித்துக்கொண்டனர்! லொக்கின் ‘அரசாங்கம் பற்றிய இரு கட்டுரைகள்’ அவ்வாண்டிலேயே ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. பெரும்பகுதி சில ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டதென்று ஆய்வாளர் கொள்வர். ஆயினும் வந்த வேளை பொருத்தமானது.

அரசு எதற்காக? சொத்தைக் காப்பதற்காக என்றார் லொக். உயிரையும் சுதந்திரத்தையும் அச்சொல்லுள் அவர் அடக்கினார் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். சொத்து எவ்வாறு பிறக்கிறது? பொதுவாயிருந்த நிலத்தில் மனிதன் தன் உழைப்பைக் கலப்பதால். இது உழைப்பவன் மகிழவேண்டிய கோட்பாடு. ஆனால் அதே அதிகாரத்தில் அவர் தரும் உதாரணங்களைக் கவனியுங்கள்: என் குதிரை மேய்ந்த புல்லும், என் வேலையாள் வெட்டிய புற்கரணையும், நான் தோண்டிய கனிமமும் என்னுடையன என்கிறார். புற்கரணையை வெட்டியவன் வேலையாள், உரிமை எசமானுக்கு. குதிரைக்கும் வேலையாளுக்கும் ஒரே வாக்கியத்தில் இடம். பட்னியில் பெற்றி வாக்குரிமையிலிருந்து விலக்கிய அதே வேலையாள் இங்கே உழைப்பின் பயனிலிருந்தும் விலக்கப்படுகிறான். லொக் கரோலினாக் குடியேற்றத்தின் உரிமையாளருக்குச் செயலாளராயிருந்த காலத்தில், 1669இல், உருவான அதன் அடிப்படைச் சட்டம், சுதந்திர மனிதன் ஒவ்வொருவனுக்கும் தன் நீக்ரோ அடிமைகள் மேல் முழு அதிகாரம் வழங்கிற்று. அடிமை வணிகம் செய்த அரச ஆபிரிக்கக் கம்பனியிலும் அவர் பணம் முதலிட்டிருந்தார்.

ஒப்பந்தத்தில் நான் கையொப்பமிடவில்லையே என்பவனுக்கும் லொக்கிடம் விடை உண்டு. நாட்டின் நெடுஞ்சாலையில் நடந்தாலே மறைமுகமாகச் சம்மதித்தவனாவாய். இதை 1748இல் டேவிட் ஹியூம் எள்ளி நகையாடினார். உறங்கும்போது ஒருவனைத் தூக்கிக் கப்பலில் ஏற்றிவிட்டு, கடலிற் குதித்து மாளலாம். குதியாதபடியால் கப்பல் தலைவனின் ஆட்சிக்குச் சம்மதித்தாய் என்பதைப் போன்றது இது என்றார். ஹியூம் புரட்சிக்காரரல்லர்; பழமை பேணுபவர். ஏறக்குறைய எல்லா அரசுகளும் வெற்றியிலோ அபகரிப்பிலோ பிறந்தவை என்பதைக் கூச்சமின்றிச் சொல்ல அவரால் முடிந்தது.

ரூசோவைப் பற்றி நம் பாடநூல்கள் சொல்வது 1762இல் வெளியான ‘சமுதாய ஒப்பந்தம்’ என்ற நூலை வைத்தே. ஜெனீவாவில் தீக்கிரையான அந்நூலின் பெருமையை நாம் குறைக்க வரவில்லை. ஆயினும் நம் பொருளுக்கு அதைவிட முக்கியமானது 1755இல் வெளிவந்த ஏற்றத்தாழ்வு பற்றிய அவருடைய ஆய்வுரை. அங்கே ஒப்பந்தத்துக்கு முன் வேலி வருகிறது. நிலத்தை அடைத்துத் தனதென்றவன் முதல், அதனாற் செல்வனும் வறியனும், அதனாற் பூசல், பூசலில் இழப்பதற்கு மிகுதியாக உடையவன் செல்வனாகையால், நாம் யாவரும் ஒரு பொதுச் சட்டத்தின் கீழ் ஒன்றுபடுவோம் என்று வறியவனை அழைப்பவனும் அவனே. வறியவன் தன் சுதந்திரத்தைக் காப்பதாக எண்ணி விலங்கை நோக்கி ஓடுகிறான். ஒப்பந்தம் நடந்திருந்தால் இவ்வாறுதான் நடந்திருக்கும் என்கிறார் ரூசோ.

இதே வரிசையைப் பாளி மொழியிலுள்ள அக்கஞ்ஞ சுத்தத்திலும் காண்கிறோம். மனிதர் நாளைக்கென நெல்லைச் சேமிக்கத் தொடங்குகின்றனர், வயலுக்கு எல்லை வகுக்கின்றனர், களவு பிறக்கிறது, பின்னரே தம்முள் ஒருவனைத் தெரிந்து, தண்டிக்கும் பொறுப்பை அளித்து, கூலியாக நெல்லில் ஒரு பங்கு கொடுக்கின்றனர். பலரால் சம்மதிக்கப்பட்டவன் ஆகையால் அவன் மகாசம்மதன். மக்கள் தெரிந்தெடுத்த இம்மனிதனின் வம்சத்தில் வந்தோம் என்று இலங்கையின் மன்னர் பிற்காலத்தில் பெருமை பேசியது வரலாற்றின் குறும்புகளில் ஒன்று.

கதைகளை விட்டு மண்ணைத் தோண்டியோர் கண்டது என்ன? தென் ஈராக்கிலுள்ள ஊருக் நகரம் கி. மு. நான்காம் ஆயிரத்தாண்டின் இறுதியில் உலகின் முதற் பெருநகரங்களில் ஒன்று. அங்கே கிடைத்த களிமண் பலகைகள் நாமறிந்த எழுத்துக்களிலெல்லாம் மிகப் பழையனவற்றைச் சேர்ந்தவை. அவற்றில் உடன்படிக்கை ஏதுமில்லை, பெரும்பாலும் கணக்கு. இத்தனை அளவு வாற்கோதுமை, இத்தனை ஆடு, இத்தனை வேலையாள். ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற கரடுமுரடான மட்கிண்ணங்கள் ஆயிரக்கணக்கிற் கிடைத்துள்ளன. கூலியாட்களுக்குப் படியளந்த கிண்ணங்கள் அவை என்பது பல ஆய்வாளரின் கருத்து. உணவுப் படியைக் குறிக்கும் எழுத்து, ஒரு மனிதத் தலையும் அதனருகே ஒரு கிண்ணமும். அடிமைப் பெண்ணைக் குறிக்கும் எழுத்து, பெண் என்ற குறியும் மலை என்ற குறியும் சேர்ந்தது. மலைநாட்டிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டவள் என்று இதற்குப் பொருள் கூறுவர். அவளுடைய சம்மதத்தை எந்தப் பலகையும் பதிவுசெய்யவில்லை.

1884இல் எங்கெல்ஸ், மோர்கனின் ஆராய்ச்சியைத் துணைக்கொண்டு, அரசு வெளியிலிருந்து சமுதாயத்தின் மேல் சுமத்தப்பட்டதன்று, வர்க்கங்களாகப் பிளவுண்ட சமுதாயத்தின் உள்ளிருந்தே எழுந்தது என்று காட்டினார். மோர்கனின் மானிடவியற் செய்திகளிற் பல இன்று திருத்தப்பட்டுவிட்டன. துருக்கியிலுள்ள சட்டல்ஹோயுக்கில், கி. மு. 7000 அளவில் ஆயிரக்கணக்கானோர் நெருங்கி வாழ்ந்த இடத்தில், அரண்மனையென்று சொல்லத்தக்க கட்டடம் எதுவும் கிடைக்கவில்லை. பயிர்ச்செய்கை வந்தவுடன் அரசும் வந்தேயாகும் என்று இயந்திரம் போல் உரைப்பதற்கில்லை. ஆனால் மிகுதி விளைந்து, அம்மிகுதியை அளக்கும் கையும் விளைவிக்கும் கையும் வேறான இடங்களில் நாம் காண்பது கையொப்பமிட்ட உடன்படிக்கையை அன்று, படிக்கணக்கையே.

பட்னியில் எழுந்த வாதம் நம் நாட்டுக்கு 281 ஆண்டுகள் கழித்து வந்தது. 1928இல் டொனமூர் ஆணைக்குழு, படிப்பையும் சொத்தையும் அளவுகோலாகக் கொள்ளாது யாவருக்கும் வாக்குரிமை வழங்குமாறு சொன்னபோது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் உட்படச் செல்வாக்குள்ள தலைவர்கள் அதை எதிர்த்தனர். சிங்களரானாலும் தமிழரானாலும் நிலமுடையோர் அயர்ட்டனின் மொழியையே பேசினர். சர்வசன வாக்குரிமை 1931இல் வந்தது. தோட்டத் தொழிலாளருக்கோ தனி நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. இந்நாட்டில் நிலையான பற்று அவர்களுக்கு உண்டா என்பது அன்று எழுப்பப்பட்ட கேள்வி. தேயிலை நட்டவர் அவர்கள். புற்கரணை வெட்டிய வேலையாளின் இடம் அவர்களுக்கு.

நிபந்தனைகளையும் தாண்டி 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தொகுதிகள் சில, தொழிலாளரின் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பின. வேறு சில தொகுதிகளில் அவர்களுடைய வாக்கு இடதுசாரி வேட்பாளருக்குச் சென்றது. மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டத் திருத்தம் வந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலின்போது அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் இலங்கைப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். மொத்தம் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பேசித் தீர்க்கப்படும். கையொப்பமிட்டோர் இருவர். எண்ணப்பட்டோரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில் நிறைவேறிற்று.